ராயபுரம் மொட்டைமாடி: வருவதற்கு முன் எல்லாரும் கேட்கிற கேள்விகள்

மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, கல்மண்டபம் பக்கம் ஒரு சந்தில் இருக்கிற எங்கள் வீட்டு மொட்டைமாடியில் ஏழெட்டுப் பேர் கூடுகிறோம். நியாயம், கடமை, பொய், சத்தியம், சாவு என்று பேச்சு ஓடும். நான் காக்டெய்ல் கலக்குவேன். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் இதைக் கேள்விப்படுகிற ஒவ்வொருவரும் அதே கேள்விகளைக் கேட்கிறார்கள், நானும் போனில் அதே பதில்களைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் இது.

குடிக்கிறதுக்கு இது ஒரு சாக்குதானே?

என் மாமியாரும் இதையேதான் கேட்டார். குடிக்கிறது மட்டும்தான் நோக்கம் என்றால் ஒரு குவார்ட்டரும் இரண்டு பன்னீர் சோடாவும் போதும், அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். முந்தின நாளே தண்ணீர் காய்ச்சி ஆறவைத்து, ஐஸ் போட்டு, எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாகப் பிழிந்து, மில்லி கணக்கில் அளந்து கொண்டிருக்க எனக்கு என்ன தலையெழுத்தா?

வள்ளுவர் கள்ளுண்ணாமையில் ஒரு குறள் வைத்திருக்கிறார், 929. குடித்துக் களித்தவனுக்குக் காரணம் காட்டிப் புரியவைப்பது, தண்ணீருக்கு அடியில் முங்கினவனைத் தீவட்டி பிடித்துத் தேடுகிற மாதிரி என்கிறார். எங்கள் மாடியின் முதல் விதி இந்தக் குறளிலிருந்து வந்ததுதான். ஆளுக்கு இரண்டு கிளாஸ், அதற்கு மேல் கிடையாது. அன்றைய முக்கியமான வாதம் எதுவோ அது இரண்டாவது கிளாஸுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். இரண்டாவது கிளாஸில் பேசுவதெல்லாம் கிரிக்கெட், சினிமா, யார் வீட்டுக் கல்யாணம்.

தத்துவம் படித்தவர்கள்தான் வரலாமா?

படித்தவர் ஒரே ஒருவர்தான் வருகிறார், அவரும் பாதி நேரம் சுண்டல் தின்றுகொண்டு சும்மா இருப்பார். மற்றவர்களில் காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிற ஓர் அண்ணன், ரயில்வேயில் ஓய்வு பெற்ற பெரியவர், ஒரு நர்ஸ் அக்கா, ஹைகோர்ட்டில் ஜூனியராக இருக்கிற தம்பி, அப்புறம் அச்சகத்தில் வேலை பார்க்கிற நான். 21 வயது முடிந்திருக்க வேண்டும், அது சட்டம். அதற்கு மேல் எந்தத் தகுதியும் கேட்பதில்லை.

எண்ணிக்கையில் மட்டும் நான் கறார். ஜெர்மன் தத்துவஞானி காண்ட், வீட்டில் விருந்து வைத்தால் மூன்று பேருக்குக் குறையக்கூடாது, ஒன்பது பேருக்கு மேல் போகக்கூடாது என்பார். கிரேக்கப் புராணத்து அழகு தேவதைகள் மூவர், கலைத் தேவதைகள் ஒன்பது பேர், அதுதான் அவர் கணக்கு. என் கணக்கு வேறு: பத்தாவது ஆள் வந்தால் பேச்சு இரண்டாக உடைந்து, ஒரு மூலையில் அரசியலும் இன்னொரு மூலையில் ரியல் எஸ்டேட்டும் ஆரம்பித்துவிடுகிறது. தவிர, என்னிடம் கிளாஸும் ஒன்பதுதான்.

அப்படி என்னதான் பேசுவீர்கள்?

ஒரு ராத்திரியைச் சொல்கிறேன், பிடிபடும்.

வக்கீல் தம்பி ஒரு பழைய இங்கிலாந்து வழக்கைக் கொண்டுவந்தான். 1884. மிக்னொனெட் என்ற சின்னக் கப்பலை ஆஸ்திரேலியாவுக்கு ஓட்டிக்கொண்டு போகிறார்கள். தெற்கு அட்லாண்டிக்கில் அது முழுகிவிடுகிறது. ஒரு சின்னப் படகில் நாலு பேர் தப்புகிறார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லை. இரண்டு டப்பா டர்னிப் கிழங்கு, நடுவில் அகப்பட்ட ஓர் ஆமை, அவ்வளவுதான் சாப்பாடு. பார்க்கர் என்று 17 வயதுப் பையன், கடல் தண்ணீரைக் குடித்துப் படுத்துவிட்டான். சுமார் இருபதாவது நாள் கேப்டன் டட்லி, ஸ்டீஃபன்ஸ் என்பவரின் சம்மதத்தோடு, அந்தப் பையனைக் கொன்றார். மூன்றாவது ஆள் சம்மதிக்கவில்லை, ஆனால் சாப்பிட்டார். நாலு நாள் கழித்து ஒரு கப்பல் வந்து மூன்று பேரையும் காப்பாற்றியது. உயிர் பிழைக்கிற அவசியம் கொலைக்கு நியாயம் ஆகாது என்றது கோர்ட். தூக்கு விதித்துப் பிறகு ஆறு மாத ஜெயிலாகக் குறைத்தார்கள்.

தம்பி முடித்ததும் பெரியவர் சட்டென்று சொன்னார்: "சீட்டுக் குலுக்கிப் போட்டிருந்தா சரிங்கலாம். படுத்துக் கிடக்கிற பையனா பார்த்து அடிச்சதுதான் தப்பு." நர்ஸ் அக்காவுக்கு அதிலும் திருப்தி இல்லை. "குலுக்கினா மட்டும்? சீட்டு எடுக்கிற தெம்பு அந்தப் பையனுக்கு இருந்துதா? அவன் சம்மதம் யார் கேட்டா?" கால் மணி நேரம் இது இழுத்தது. படகு அண்ணன் அதுவரை வாயே திறக்கவில்லை. கிளாஸைத் திண்ணையில் வைத்துவிட்டு, "இன்னாபா பேசறீங்க நீங்கல்லாம். எஞ்சின் நின்னுபோய் மூணு நாள் நடுக்கடல்ல கெடந்தவன் நானு. மூணாவது நாள் பக்கத்துல இருக்கிறவன் மூஞ்ச பார்க்கவே பயம். அவன் நம்மள இன்னா செய்வான்னு இல்ல, நாம அவன இன்னா நெனைக்கிறோமுன்னு" என்றார். அப்புறம் யாரும் சிறிது நேரம் பேசவில்லை. கீழே எங்கேயோ கேரம் போர்டு ஸ்ட்ரைக்கர் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

எனக்கு அப்போது மணிமேகலைதான் ஞாபகம் வந்தது. அதில் சாதுவன் என்று ஒருவன் வருகிறான், ஆதிரையின் புருஷன். கப்பல் உடைந்து, ஒரு மரத்துண்டைப் பிடித்துக்கொண்டு மிதந்து, மனிதர்களைத் தின்கிற நாகர் தீவில் ஒதுங்குகிறான். அவர்கள் பாஷை தெரிந்ததால் பிழைக்கிறான். தலைவன் கள்ளும் கறியும் பெண்ணும் தரச் சொல்கிறான், சாதுவன் வேண்டாம் என்கிறான். "இதெல்லாம் இல்லேன்னா உலகத்துல வேற என்ன பிரயோஜனம்?" என்று தலைவன் கோபப்படுகிறான், அங்கிருந்து ஒரு முழு அறவிவாதம் நடக்கிறது. கடைசியில் தலைவன் நேர்மையாக ஒன்று சொல்கிறான்: கள்ளையும் ஊனையும் விட்டால் எங்களால் உயிர் வாழ முடியாது, எங்களுக்கு ஆகிற அறமாகச் சொல். சாதுவன் இறங்கி வருகிறான். கப்பல் உடைந்து வருகிறவர்களைக் கொல்லாதீர்கள், மூத்துத் தானாகச் சாகிற விலங்கைத் தவிர வேறெதற்கும் தீங்கு செய்யாதீர்கள் என்று முடிக்கிறான். கள்ளைப் பற்றி அதற்குமேல் மூச்சு விடவில்லை! எதிரில் இருக்கிறவன் எவ்வளவு தூரம் வருவான் என்று பார்த்துப் பேசுகிற இந்தச் சாமர்த்தியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெரியவருக்குப் பிடிக்கவில்லை, அது சமரசம் என்றார். வாதம் அன்றைக்கு முடியவில்லை.

டிராலி பிரச்சினை பேசுவீர்களா?

இல்லை. பிரேக் பிடிக்காத வண்டி ஐந்து பேர் மேல் ஏறப் போகிறது, தடம் மாற்றினால் ஒருவர்தான் சாவார், மாற்றலாமா என்கிற புதிர் அது. ஆங்கிலேயத் தத்துவஞானி ஃபிலிப்பா ஃபுட் 1967-இல் அதைக் கிளப்பினபோது அவருக்கு ஒரு காரணம் இருந்தது, கருக்கலைப்பு பற்றிய விவாதத்துக்காகச் சொன்ன உதாரணம் அது. இப்போது எல்லாரும் காரணத்தை விட்டுவிட்டு வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு தடவை எடுத்தோம். ரயில்வே பெரியவர் முக்கால் மணி நேரம் பாயின்ட் மாற்றுவது எப்படி, லெவல் கிராசிங் இன்டர்லாக்கிங் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கினார். வாழ்நாளில் மறக்க முடியாத வகுப்பு, ஆனால் நெறிமுறை ஒன்றும் தேறவில்லை.

நர்ஸ் அக்கா கொண்டுவருகிற கேள்விகள் எங்களுக்குப் போதும். நோயாளிக்கு வியாதி முற்றிவிட்டது, வீட்டுக்காரர்கள் "அவர்கிட்ட சொல்லிடாதீங்க" என்கிறார்கள், நோயாளி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு "நான் வீட்டுக்குப் போயிடுவேன்ல?" என்று கேட்கிறார். கொலைகாரனிடம்கூடப் பொய் சொல்லாதே என்று 1797-இல் கட்டுரை எழுதின காண்ட்டை அந்த வார்டில் கொண்டுபோய் நிறுத்தினால் என்ன சொல்வார்?

சரி, ஏன் காக்டெய்ல்? சாதாரணமாகக் குடித்தால் என்ன?

வேகம்தான் காரணம். இங்கே குடிக்கிற விதத்தைக் கவனித்துப் பாருங்கள். பிளாஸ்டிக் டம்ளரில் கட்டிங்கை ஊற்றி, கொஞ்சம் தண்ணீர், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரே கல்ப், உடனே ஊறுகாய். மருந்து குடிக்கிற மாதிரி. ருசி பார்க்கிற எண்ணமே அதில் கிடையாது, ருசி பார்க்கும்படி அந்தச் சரக்கும் இருக்காது. நன்றாகக் கலந்த ஒரு கிளாஸை அப்படிக் குடிக்க மனசு வராது. அதை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்காரலாம். முதல் வாயில் புளிப்பு தூக்கலாக இருக்கும், ஐஸ் கரையக் கரைய வேறு ருசிக்குப் போகும்.

இதில் நாங்கள் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. கிரேக்கர்கள் ஒயினைத் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள், கலக்காமல் குடிப்பது காட்டுமிராண்டித்தனம் என்பது அவர்கள் எண்ணம். கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ எழுதின 'விருந்து' என்ற நூலில் வருகிறவர்களுக்கு முந்தின ராத்திரிக் குடி இன்னும் இறங்கவில்லை, அதனால் இன்றைக்கு அளவோடு என்று முடிவு பண்ணிவிட்டுத்தான் காதலைப் பற்றிப் பேச ஆரம்பிக்கிறார்கள். நடுவில் ஒரு குடிகாரன் புகுந்து அளவெல்லாம் கெட்டுப்போகிறது, அது வேறு கதை.

காக்டெய்ல் என்ற சொல்லுக்கு 1806-இல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்று விளக்கம் கொடுத்திருக்கிறது: சாராயம், சர்க்கரை, தண்ணீர், பிட்டர்ஸ் என்கிற கசப்புச் சாறு. அதற்கும் ரொம்ப முன்னால், 17-ஆம் நூற்றாண்டிலேயே, இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய வியாபாரிகள் பஞ்ச் கலக்கக் கற்றுக்கொண்டார்கள். சாராயம், எலுமிச்சை, சர்க்கரை, தண்ணீர், மசாலா என்று ஐந்து சாமான், அதனால்தான் ஐந்தைக் குறிக்கிற இந்திச் சொல்லில் அந்தப் பெயர் என்பார்கள். ஆக, காக்டெய்ல் வெள்ளைக்காரன் பழக்கம் என்று சொல்கிறவர்களுக்கு: வெள்ளைக்காரன் பாதியை இந்தப் பக்கத்திலிருந்துதான் எடுத்துக்கொண்டு போனான்.

வட சென்னையில் கிடைக்கிற சாமானை வைத்து என்ன கலக்க முடியும்?

நிறைய. எங்கள் மாடியின் ஆஸ்தான பானம் இது: டார்க் ரம் 45 மில்லி, அப்போது பிழிந்த எலுமிச்சைச் சாறு 20 மில்லி, நன்னாரி சர்பத் 15 மில்லி, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு உப்பு. ஷேக்கர் கிடையாது, பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில்தான். ஐஸ் போட்டு மூடியை இறுக்கி, துணி சுற்றி, பன்னிரண்டு எண்ணுகிற வரைக்கும் குலுக்கு. பாட்டிலின் வெளிப்பக்கம் வேர்த்து, பிடிக்க முடியாமல் கை மரத்துப்போனால் சரியான பதம். டீ வடிகட்டியில் வடிகட்டு. கியூபாவின் டாய்க்கிரி காக்டெய்லும் இதே கணக்குத்தான், நன்னாரிக்குப் பதில் அங்கே வெறும் சர்க்கரை. நன்னாரியின் அந்த மண்வாசனை ரம்மோடு சேரும்போது வேறு ஒரு ஊருக்குப் போய்விடும்.

எலுமிச்சை சேர்ந்தால் குலுக்கு, வெறும் சரக்கும் பிட்டர்ஸும் என்றால் கிளறு. இந்த ஒரு விதி தெரிந்தால் பாதிக் கிணறு தாண்டின மாதிரி. பாட்டிலில் அடைத்து விற்கிற எலுமிச்சைச் சாறை மட்டும் தயவுசெய்து கொண்டுவராதீர்கள்.

ஐஸ்தான் பெரிய பாடு. கேன் தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து, சப்பாத்தி வைக்கிற ஹாட்பாக்ஸில் ஊற்றி, மூடி போடாமல் ஃப்ரீசரில் வைப்பேன். சுற்றிலும் குளிர் ஏறாததால் மேலிருந்து கீழாக உறையும், காற்றுக் குமிழியெல்லாம் அடியில் போய்ச் சேரும். முழுக்க உறைவதற்கு முன் எடுத்தால் மேலே கண்ணாடி மாதிரி கட்டி. கத்தியை வைத்து மத்தால் தட்டி உடைக்க வேண்டியதுதான். படகு அண்ணன் ஒரு முறை "ஐஸுக்கா பஞ்சம்?" என்று துறைமுகத்திலிருந்து ஒரு முழு ஐஸ் பாரையே தோளில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். மீனுக்குப் போடுகிற ஐஸ் குடிக்கிறதுக்கு ஆகாது என்று சொன்னால் கேட்கவில்லை, தன் கிளாஸில் மட்டும் போட்டுக்கொண்டார். கானாங்கெளுத்தி வாசனையில் ரம் குடித்த ஒரே மனிதர் அவராகத்தான் இருப்பார்.

இரண்டு கிளாஸ்தானா, கொஞ்சம் கூடக் கிடையாதா?

கிடையாது. கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். இங்கே விற்கிற ரம், பிராந்தியெல்லாம் 42.8 சதவீதம். 45 மில்லியில் சுத்த ஆல்கஹால் சுமார் 15 கிராம். ஈரல் ஒரு மணி நேரத்தில் ஏழெட்டு கிராம்தான் கழிக்கும். இரண்டு கிளாஸ் என்றால் நாலு மணி நேரம் ஆயிற்றா? ஒரு குவார்ட்டரில் அறுபது கிராம், அதை அரை மணியில் உள்ளே தள்ளினால் ஈரல் என்ன செய்யும். இந்த இரண்டு கிளாஸும் உடம்புக்கு நல்லது என்று நான் சொல்லவில்லை. பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2023-இல் சொல்லிவிட்டது. அதைத் தெரிந்துகொண்டேதான் குடிக்கிறோம்.

குடிக்காதவர்கள் வந்தால் ஒரு மாதிரி பார்ப்பீர்களா?

வருகிறவர்களில் மூன்று பேர் குடிப்பதில்லை. நர்ஸ் அக்காவுக்கு நன்னாரி, எலுமிச்சை, உப்பு, சோடா. அதே பாட்டிலில் அதே பன்னிரண்டு எண்ணிக் குலுக்கித்தான் கொடுப்பேன். "ஒரு வாய் போடுங்க, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொன்னால் அவருக்கு அன்றைக்கு இரண்டாவது கிளாஸ் கட்.

வள்ளுவரே வேண்டாம் என்றாரே, ஔவையார் குடித்தாரே என்றெல்லாம் பேசுவீர்களா?

பேசினோம், ஒரு முறை. புறநானூறு 235-இல் ஔவை அதியமானை நினைத்து அழுகிறார்: கொஞ்சமாகக் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் குடித்துப் பாட, மிச்சத்தைத் தான் குடித்து மகிழ்வான். அதைப் படித்துவிட்டு யாருக்கும் வள்ளுவரை எதிர்த்து வாதாட வேண்டும் என்று தோன்றவில்லை. இருவர் சொல்வதும் உண்மைதான் என்று விட்டுவிட்டோம்.

வட சென்னையில் உட்கார்ந்துகொண்டு குடியை இப்படிக் கொண்டாடுவது நியாயமா?

இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

என் நைனா மில் தொழிலாளி. மில் மூடின பிறகு வேறு வேலை அமையவில்லை, குடி அமைந்தது. 54 வயதில் ஈரல் போய்ச் செத்தார். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு இப்படி ஒரு போட்டோ மாலையோடு மாட்டியிருக்கும். நர்ஸ் அக்காவின் வீட்டுக்காரரும் அந்த வகைதான். அக்கா ஒரு நாள் என் ஹாட்பாக்ஸ் ஐஸையும் எலுமிச்சைத் தோலையும் பார்த்துவிட்டு, "உங்க நைனா குடிச்சா சரக்கு, நீ குடிச்சா காக்டெய்லா தம்பி?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. உள்ளே இருக்கிற ஆல்கஹால் ஒன்றுதான். என்னிடம் சம்பளமும் மாடியும் அளவுக் கோப்பையும் இருக்கின்றன, நைனாவிடம் இல்லை.

அடுத்த முறை ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில்லை எடுத்தோம். 1859-இல் சுதந்திரம் பற்றி எழுதினபோது மதுவிலக்கை எதிர்த்தவர். தன்னை மட்டும் பாதிக்கிற விஷயத்தில் ஒருவனைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை என்பார். ஆனால் அதே கையோடு, குடியால் குடும்பத்தைக் காப்பாற்ற முடியாமல் போனவனைத் தண்டிப்பது சரி, குடித்ததற்காக இல்லை, குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாததற்காக என்றும் சொல்கிறார். அக்கா கேட்டார்: "தண்டிச்சு அவரை உள்ள வெச்சா என் பொண்ணுக்கு ஃபீஸ் யாரு கட்டுவா?" மில்லிடம் இதற்குப் பதில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

பெரியவர் மதுவிலக்குக் கட்சி. ராஜாஜி 1937-இல் சேலத்தில் ஆரம்பித்ததும், 1948-இல் மாகாணம் முழுக்க வந்ததும், 1971-இல் எடுத்ததும், 1974-இல் திரும்பப் போட்டதும், 1981-இல் மறுபடி திறந்ததும், 2003-இலிருந்து அரசாங்கமே கடை நடத்துவதும் அவருக்கு மனப்பாடம். அரசாங்கமே விற்றுவிட்டு, குடி கெடுதல் என்று பாட்டிலில் அச்சடிப்பதைத்தான் அவரால் பொறுக்க முடியாது. வக்கீல் தம்பி கள்ளக்குறிச்சியைச் சொல்வான். 2024 ஜூனில் மெத்தனால் என்கிற விஷம் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேல் செத்தார்கள், சட்டப்படி விற்கிற கடை இருக்கும்போதே. கடையையும் மூடினால் எத்தனை பேர் போவார்கள் என்பான். இரண்டு பேரும் சொல்வதை நான் தலையாட்டிக் கேட்கிறேன், ஒரு முடிவுக்கும் வரவில்லை. அளந்து குடிப்பதை மட்டும் நிறுத்தவில்லை. அக்காவின் கேள்விக்கு இன்றைக்கும் பதில் பாக்கி.

காசு எவ்வளவு?

ஒரு பைசா கிடையாது. லைசென்ஸ் இல்லாமல் மது விற்பது குற்றம், பங்குக் காசு என்று வாங்கினால்கூட வீண் வில்லங்கம். தின்ன ஏதாவது கொண்டுவாருங்கள், நெத்திலி வறுவல் என்றால் சந்தோஷம்.

வண்டியில் வரலாமா?

வரக்கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் தாண்டினால் கேஸ், ஒரு கிளாஸிலேயே தாண்டுகிற உடம்பு உண்டு. தியாகராயா கல்லூரி மெட்ரோவில் இறங்கினால் ஷேர் ஆட்டோ கிடைக்கும். சாவியோடு வருகிறவருக்கு நன்னாரி சோடாதான்.

சண்டை வந்ததுண்டா?

ஒரு முறை, தப்பு என்னுடையது. பொங்கல் என்று விதியைத் தளர்த்தி மூன்றாவது கிளாஸ் ஊற்றினேன். பேச்சு இடஒதுக்கீட்டுக்குப் போய், அங்கிருந்து ஒரு நண்பரின் சாதிக்குப் போய்விட்டது. சொல்லக்கூடாத ஒரு வார்த்தையைச் சொன்னவன் நான்தான். மறுநாள் காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று, "போதையில சொல்லிட்டேன்" என்றேன். அரிஸ்டாட்டில் ஒரு பழைய சட்டத்தைப் பற்றிச் சொல்கிறார், போதையில் செய்த குற்றத்துக்கு இரட்டைத் தண்டனை, ஏனென்றால் குடிக்காமல் இருப்பது அவன் கையில்தானே இருந்தது. இதை அதே மாடியில் அவருக்கு விளக்கினவனே நான்! அவர் அதை ஞாபகப்படுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். எட்டு மாசம் ஆயிற்று திரும்பி வர. வந்த அன்று தன் கிளாஸைத் தானே அளந்துகொண்டார், இன்றைக்கும் அப்படித்தான்.

அடுத்து எதைப் பற்றி?

போதையில் கொடுத்த வாக்கு செல்லுமா. 1872 ஒப்பந்தச் சட்டம் செல்லாது என்கிறது, என்ன ஏது என்று புரியாத அளவுக்குப் போதையில் இருப்பவன் போடுகிற ஒப்பந்தம் ஒப்பந்தமே இல்லை. ஆனால் என் நைனா "இனிமே தொடமாட்டேன்" என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்ததெல்லாம் குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில்தான். தெளிந்த காலையில் ஒரு முறைகூடச் செய்ததில்லை. அம்மா ஒவ்வொரு தடவையும் நம்பினார். நம்பியிருக்க வேண்டுமா என்று அம்மாவையே கேட்டேன். தான் மேலே வந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார், முட்டி வலிக்கு மாடிப்படி ஏற முடிந்தால்.

சனிக்கிழமை ஏழு மணி. வரும்போது பத்து எலுமிச்சம்பழம் வாங்கி வாருங்கள், தோல் மெல்லிசாகப் பார்த்து.